ஒரு லிட்டர் பெட்ரோல் எவ்வளவு காற்று குடிக்கும், தெரியுமா?

ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தி, ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்தில் இருப்பதைப்போலச் சுமார் பத்து மடங்கு! நம்ப முடிகிறதா? அப்படியானால் பட்டாசு ஆலைக்கு மட்டும் அறைக்கு அறை இத்தனை அடி இடைவெளி ஏன்? பஜார் நடுவே பெட்ரோல் பங்க் எப்படி நிம்மதியாக நிற்கிறது? சிவகாசிக்காரரிடம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வார்: வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கையோடு கொண்டுவருகிறது. பெட்ரோல் வெறுங்கையோடு வருகிறது.

கருமருந்தின் பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். எரியப்போவது கரியும் கந்தகமும்தான். இரண்டும் சேர்ந்து கால் பங்கு. மீதி முக்கால் பங்கும் ஆக்சிஜன் சுமக்க வந்த கூலியாள். வெடியுப்பின் எடையில் கிட்டத்தட்ட பாதி, துல்லியமாகச் சொன்னால் 47.5 சதவீதம், ஆக்சிஜன்! அதனால்தான் ‘அணுகுண்டு’ பட்டாசுக்குச் சுற்றியிருக்கும் காற்று தேவையே இல்லை. காகிதச் சுற்றுக்குள் இறுக அடைத்தாலும் கண் இமைக்குமுன் எரிந்து முடிகிறது.

கார் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால் வாய் பிளக்க வேண்டியதுதான். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் பெட்ரோல் 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்றைக் குடிக்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையில் இருக்கும் மொத்தக் காற்றும் மூன்றே லிட்டர் பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும்! இன்ஜினுக்குள் எரிபொருளைக் கூட்டுவது பெரிய வித்தையே அல்ல. காற்றைக் கூட்டுவதுதான் வித்தை. டர்போ பிறந்த கதையும், பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களின் தலைவலிக் கதையும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

அந்த வித்தையை முதலில் காகிதத்தில் எழுதியவர் ஆல்பிரெட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகும் சூடான வாயுவை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளலாம் என்று 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை கேட்டார். உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. 1923இல்தான் ஜெர்மன் அரசு இரண்டு பயணக் கப்பல்களுக்கு டர்போ டீசல் இன்ஜின் வைக்க உத்தரவு போட்டது. அதே இன்ஜின் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500க்குத் தாவியது! அதே 1923இல் இங்கே என்ன நடந்தது தெரியுமா? கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும், ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துச் சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். எரிபொருளையும் ஆக்சிஜனையும் சரியான அளவில் சந்திக்க வைக்கும் தொழில் இரண்டு ஊரிலும் ஒரே வருஷத்தில் சூடுபிடித்தது தற்செயல்தான். ஆனால் சுவையான தற்செயல்.

டர்போ எவ்வளவு வேகமாகச் சுற்றும்? தரைச்சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சீறி வெளியேறும் வாயுவின் தள்ளலில் சுற்றுகிறது. டர்போவும் அதே சாதிதான், ஆனால் சின்ன காரின் டர்போ நிமிஷத்துக்கு 2,00,000 சுற்று வரை போகும். நொடிக்கு 3,300 சுற்றுக்கு மேல்! ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் ஓரம் அப்போது நொடிக்கு 520 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஒலியின் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு. பானட்டுக்குள், உங்கள் கால் கட்டைவிரலுக்கு மூன்றடி முன்னால்! இத்தனைக்கும் அந்தச் சக்கரத்தின் தண்டு உராய்வில்லாமல் மிதப்பது மெல்லிய ஆயில் படலத்தின்மேல். மலை ஏறி இறங்கிய வண்டியை உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடச் சொல்வது இதற்காகத்தான். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப் நிற்கும். சூட்டில் மாட்டிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். அடுத்த முறை தண்டு மிதக்காது, தேயும்.

இனி விருதுநகர் வெயிலுக்கு வருவோம். அசல் சுவாரஸ்யம் இங்கேதான் இருக்கிறது.

பூஸ்டை, அதாவது டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தத்தை, 1 பார் வைத்தால், டயருக்குக் காற்றடிக்கும் கடைக் கணக்கில் சுமார் 14 பவுண்ட், இன்ஜினுக்குள் போகும் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அப்படியானால் காற்றும் இரண்டு மடங்கு போகும்தானே? போகாது! அமுக்கப்படும் காற்று சூடாகும்; சைக்கிள் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரை மாதம், வெளியே 40 டிகிரி. நூற்றுக்கு எழுபது திறனுள்ள ஒரு டர்போ அந்தக் காற்றை இரட்டை அழுத்தத்துக்கு அமுக்கும்போது அதன் வெப்பம் சுமார் 138 டிகிரிக்கு ஏறிவிடும். தண்ணீர் கொதித்து ஆவியாகும் சூட்டையும் தாண்டி! சூடான காற்று விரியும், எடை குறையும். கணக்குப் போட்டால் இரண்டு மடங்கு அழுத்தத்தில் உண்மையில் கிடைத்தது ஒன்றரை மடங்கு காற்றுதான். மீதியை வெப்பம் தின்றுவிட்டது. இதே காற்றை இன்டர்கூலர் வழியே விட்டு 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் 1.88 மடங்கு கிடைக்கும். பூஸ்ட் மீட்டரில் முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. இன்ஜினுக்குக் கிடைத்த ஆக்சிஜனோ கால் பங்கு கூடியிருக்கிறது. முள்ளை மட்டும் நம்பி டியூன் செய்வோர் ஏமாறும் இடம் இது. பழைய காரில் பணத்தை முதலில் எதில் போடுவது என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இன்டர்கூலரைச் சொல்வேன், பூஸ்ட் கன்ட்ரோலரை அல்ல.

மலை ஏறினால் கதை தலைகீழ். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத கார் வத்தலக்குண்டு தாண்டியதும் மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். 1918இலேயே இதை நிரூபித்துக் காட்டினார்கள்: அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர், ஒரு விமான இன்ஜினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுபோய் டர்போவோடு ஓட்டிச் சோதித்தார். லாரியில் இன்ஜினை ஏற்றிக்கொண்டு மலை உச்சிக்குப் போகும் பைத்தியக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

காற்று போதும். எரிபொருளுக்கு வருவோம். பெட்ரோல் இன்ஜினைக் குளிர்விக்கப் பெட்ரோலையே ஊற்றுவார்கள் என்பது தெரியுமா? 14.7க்கு 1 என்பது வேதியியல் புத்தகத்தின் விகிதம். முழு பூஸ்டில் ஓடும் பழைய டர்போ பெட்ரோல் காருக்கு அந்த விகிதத்தில் கொடுத்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. 11.5 அல்லது 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் என்று தாராளமாக ஊற்றுவார்கள். கூடுதலாகப் போகும் பெட்ரோல் எரிய ஆக்சிஜன் கிடையாது. அது ஆவியாகிச் சூட்டைக் குடிக்கத்தான் போகிறது. கலவை கொஞ்சம் லீன் ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், சிலிண்டருக்குள் சூடு ஏறும். சிக்கனம் பார்த்தால் இன்ஜின் காலி!

டீசலில் இது அப்படியே தலைகீழ். டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றோடுதான் ஓடும். அங்கே எரிபொருளைக் கூட்டினால் சூடு ஏறும், குறைத்தால் இறங்கும். “அண்ணாச்சி, கரும்புகை வந்தாத்தான் வண்டி இழுக்கும்” என்று பம்ப் ஸ்க்ரூவைத் திருகும் பழக்கம் நெடுஞ்சாலை ஒர்க்‌ஷாப்புகளில் ரொம்ப நாளாக உண்டு. வண்டி கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கரும்புகை, ஆக்சிஜன் கிடைக்காமல் பாதியில் நின்றுபோன டீசல். காசு கொடுத்து வாங்கிய கரி. அதோடு டர்போவின் டர்பைன் பக்கம் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகும். பழைய டர்போ டீசல்களின் பம்பில் இதற்கென்றே ஒரு சின்ன டயஃப்ரம் வைத்திருப்பார்கள். பூஸ்ட் ஏறினால்தான் அது நகரும். அது நகர்ந்தால்தான் கூடுதல் டீசல் போகும். காற்று வந்து சேர்ந்த பிறகே எரிபொருள் என்று வரிசை போட்டுத் தரும் காவல்காரன். அதற்குப் போகும் விரல் தடிமன் ஓஸ் பைப் வெடித்திருந்தால் என்னதான் டர்போ சுற்றினாலும் வண்டி நோஞ்சானாகத்தான் ஓடும். பல “டர்போ போச்சு” கேஸ்கள் இந்தப் பைப்பிலேயே தீர்ந்துவிடும்.

ஓஸ் பைப் என்றதும் இன்னொன்று. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பெரிய குழாயில் ஓட்டை விழுந்தால், பெட்ரோல் கார் லீன் ஆகும் என்றுதானே நினைப்போம்? உள்ளே வரும் காற்றை மீட்டர் வைத்து அளக்கும் கார்களில் ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடும்! அளந்த காற்று வழியில் வெளியேறிவிடுகிறது. கம்ப்யூட்டரோ அளந்த காற்றுக்கெல்லாம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. அழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யும் கார்களில் இந்தக் குழப்பம் இல்லை. ஒரே ஓட்டை, இரண்டு விதமான நோய்.

பூஸ்டைக் கூட்டினால் பெட்ரோல் தானாகக் குறையும் என்பது இன்னும் வேடிக்கை. இன்ஜெக்டர் பெட்ரோலை 3 பார் அழுத்தத்தில் பீச்சுகிறது என்று வையுங்கள். அது பீச்சும் இடத்தில் 1 பார் பூஸ்ட் எதிர்த்து நின்றால் மிச்சம் 2 பார்தான். பாய்ச்சல், அழுத்தத்தின் வர்க்கமூலத்தின் கணக்கில் போவதால், பெட்ரோல் 18 சதவீதம் குறைந்துவிடும். சரியாக எந்த நேரத்தில்? இன்ஜின் அதிகப் பெட்ரோலுக்கு அழும் நேரத்தில்! ஆகவேதான் டர்போ காரின் பெட்ரோல் ரெகுலேட்டருக்குப் பூஸ்டிலிருந்து ஒரு தனிக் குழாய் போகும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அதே வர்க்கமூலக் கணக்குப்படி, ஒரே இன்ஜெக்டரிலிருந்து இரண்டு மடங்கு பெட்ரோல் வேண்டுமென்றால் அழுத்தத்தை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். எந்தப் பழைய பம்பும் தாங்காது. பெரிய இன்ஜெக்டர் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கலவை சரியா என்று பார்க்கக் கண்ணாடி பிளக் ஒன்று உண்டு தெரியுமா? கலர்டியூன் என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்ற சாமான். ஸ்பார்க் பிளக்குக்குப் பதிலாக மாட்டி இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டால், சிலிண்டருக்குள் எரியும் தீயை வெளியிலிருந்தே பார்க்கலாம்! மஞ்சளாக எரிந்தால் பெட்ரோல் அதிகம். கேஸ் அடுப்பு நீலத்தில் எரிந்தால் சரியான கலவை. வெளிறிய நீலமாய் எரிந்தால் லீன். வண்ணம் பார்த்துக் கலவை சொல்வது சிவகாசிக்குப் புதிதா என்ன? சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம் என்று வானத்தில் எழுதிப் பழகிய ஊர். ஆனால் ஒரு வித்தியாசம்: மத்தாப்பில் வண்ணம் உலோக உப்பிலிருந்து வருகிறது, பிளக்கில் தெரியும் மஞ்சள், எரியாமல் தவிக்கும் கரித்துகள்களின் ஒளி. பழைய மெக்கானிக்குகள் பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் நிறம் பார்ப்பார்கள். கறுப்பென்றால் ரிச், வெள்ளையென்றால் லீன், இளம் பழுப்பென்றால் சரி. இன்றைக்கு அந்த வேலைக்குப் புகைக்குழாயில் வைக்கும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வந்துவிட்டது, எண்ணாகவே காட்டிவிடும். பூஸ்ட் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் அதை மாட்டாதவர், கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்.

பிஸ்டனும் பட்டாசும் ஒரே உலோகம்! அலுமினியம். பொடியாக இடித்தால் அது ஒளிரும் எரிபொருள். வெடிக்கும் மருந்தின் வெளிச்சமும் சூடும் பெரும்பாலும் அதிலிருந்துதான். கட்டியாக வார்த்தால் அதுவே 2,000 டிகிரிக்கு மேல் எரியும் வாயுவுக்கு அடியில் நின்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைக்கும் பிஸ்டன். சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்தான். அப்படியும் ஏன் உருகுவதில்லை? பிஸ்டனின் தலையை ஒட்டி எரியாத வாயுவின் மெல்லிய படலம் ஒன்று காவல் நிற்கிறது. நாக்கிங் என்கிற பூதம் அந்தக் காவலைத்தான் பிய்த்தெறிகிறது. சாதாரணமாகச் சிலிண்டருக்குள் தீ, நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில், திரியில் பரவுவதுபோல ஒழுங்காகப் பரவும். பூஸ்ட் அதிகமாகி, சூடு அதிகமாகி, பெட்ரோல் குறைந்துபோனால், தீ போய்ச் சேருமுன் கடைசி மூலையில் இருக்கும் கலவை தானாகவே ஒரே நேரத்தில் வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டருக்குள் நொடிக்கு ஆறாயிரம் தடவைக்கு மேல் மோதி அதிரும். மெக்கானிக் “இன்ஜின் தட்டுது” என்பது அந்தச் சத்தத்தைத்தான். புஸ்வாணமாக எரிய வேண்டியது லட்சுமி வெடியாக வெடித்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் இந்த ஒப்பீட்டை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. காரில் கலவை தவறினால் பிஸ்டன் போகும். மருந்துக் கலவை அறையில் தவறினால் ஆளே போவார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்து நாற்பதை ஒட்டிய உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே டியூனிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. குளோரேட்டோடு கந்தகம் சேர்க்கவே கூடாது என்று 1992இல் மத்திய அரசு தடை போட்டதற்குக் காரணம், அந்த ஜோடி லேசான உராய்வுக்கே தீப்பற்றும் என்பதுதான். எந்த விகிதத்தில் கலந்தாலும் தப்பு.

நாக்கிங்கை அடக்கத் தண்ணீர் ஊற்றினார்கள் என்றால் சிரிப்பீர்கள். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகில் விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. அதன் பானட்டுக்குள் தனி டேங்க். அதில் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம். பெயர் ‘டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்’! பூஸ்ட் ஏறும்போது அது இன்ஜினுக்குள் தெளிக்கப்படும். தண்ணீர் ஆவியாகிச் சூட்டை விழுங்கிவிடும். அருமையான யோசனைதான். ஆனால் கார் வாங்கியவர்கள் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். டேங்க் காலியானால் பூஸ்டைக் குறைத்துவிடும் வால்வும் வைத்திருந்தார்கள். “ராக்கெட் என்றீர்களே, மாட்டு வண்டியாக இருக்கிறதே” என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து ஃபார்முலா 1இல் ரெனோவும் ஃபெராரியும் மறுபடி தண்ணீரைத் தேடிப் போனார்கள். சரி, தண்ணீருக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்? 2019இல் நீரி ஆய்வு நிறுவனம் அறிமுகப்படுத்திய பசுமைப் பட்டாசு வகைகளில் ‘ஸ்வாஸ்’ என்ற ஒன்று, வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அமுக்கும்படி அமைந்தது! பட்டாசுக்குள் தண்ணீர் என்று பத்து வருஷம் முன்பு சொல்லியிருந்தால் பஜாரில் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

தண்ணீர் காற்றிலும் ஒளிந்திருக்கிறது. சிவகாசியின் வறண்ட வானிலைதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வறட்சி டர்போவுக்கும் நல்லது; ஈரக் காற்றில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நீராவி உட்கார்ந்துகொள்ளும். அதே வெப்பத்தில் கடற்கரைப் புழுக்கத்தைவிட இந்தக் கரிசல் காற்றில் இரண்டு சதவீதம் வரை ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் ஈரம் நாக்கிங்கைத் தணிக்கும் என்பதால், வறண்ட காற்றில் இன்ஜின் சீக்கிரம் தட்டவும் செய்யும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கும் ஊர்!

இப்போது பழைய டர்போ வைத்திருப்போர் தூக்கத்தைக் கெடுக்கும் சேதி. 2023இல் தொடங்கி 2025க்குள் நாடெங்கும் பங்க்குகளுக்கு வந்துவிட்ட இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கிறது. வெடியுப்பின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். இ20க்குக் கணக்கிட்டால் 13.5 கிலோ. அதாவது அதே அளவு காற்றுக்கு, சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் ஒன்பது சதவீதம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். நிதானமாகப் போகும்போது பழைய காரின் ஆக்சிஜன் சென்சாரே இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். முழு மிதி மிதித்தால்? பழைய கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் சென்சாரைக் கேட்பதே இல்லை. இருபது வருஷத்துக்கு முன் எழுதிய பட்டியலைப் பார்த்து ஊற்றும். ஆகக் கலவை லீன் ஆவதே பூஸ்ட் உச்சத்தில்தான். ஆறுதலும் இல்லாமல் இல்லை: எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது பெட்ரோலைவிட மிக அதிகமான சூட்டை உறிஞ்சும். பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டவருக்கு இ20 உண்மையில் பரிசு. ஓஸும் ரப்பர் சீலும் எத்தனாலைத் தாங்குமா என்பது வேறு கதை.

கெட்ட பெட்ரோலுக்கு ஏற்ப இன்ஜினே தன் பூஸ்டைக் குறைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டது! பிளாக்கில் ஒரு காது, அதாவது நாக் சென்சார். தட்டும் சத்தம் கேட்டால் வேஸ்ட்கேட் என்னும் குறுக்குவழிக் கதவைத் திறந்து பூஸ்டை இறக்கும். சத்தம் நின்றால் ஏற்றும். அந்தக் காது இல்லாத பழைய காரில் அந்த வேலையை உங்கள் காதுதான் செய்ய வேண்டும். பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்.

தமிழ்நாட்டில் டர்போ செய்கிறார்களா? பின்னே! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் தொடங்கியது. இன்னொரு சென்னை ஆச்சரியம்: 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் ஊதிக்கொண்டிருந்த சின்னத் தொழிற்கூடம்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. அந்த எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் 2016இல் ஓட்டி ஆசிய பசிபிக் ரேலி பட்டம் வென்ற ஸ்கோடா ஃபேபியா, 1.6 லிட்டர் டர்போ கார். அந்த வகைக் கார்களின் டர்போ வாயில் 32 மில்லிமீட்டர் விட்ட வளையம் ஒன்றை விதிப்படி மாட்டியாக வேண்டும். எவ்வளவு பூஸ்ட் வைத்தாலும் அந்த ஓட்டை வழியே போகும் காற்று மட்டும்தான் போகும். பலூன்காரர்களுக்குத் தெரியாததா!

உச்சம் எது? 1986 ஃபார்முலா 1இல் பி.எம்.டபிள்யூ.வின் ஒன்றரை லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். தகுதிச் சுற்றில் பூஸ்ட் 5 பாரைத் தாண்டும். சக்தி ஆயிரம் குதிரைத்திறனுக்கும் வெகு மேலே. நம் தெருவில் ஓடும் ஒரு குடும்பக் காரின் இன்ஜின் அளவு! எரிபொருளில் பெரும்பங்கு டொலுவீன், பெயின்ட் தின்னரில் இருக்குமே அதேதான். பல இன்ஜின்களின் ஆயுள் ஒரு தகுதிச் சுற்றோடு முடிந்தது. 1988க்குப் பிறகு பல வருஷம் டர்போவையே தடை செய்துவைத்தார்கள்.

நம் சாலையில் அந்த ஆசை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகச் சொன்னது. பழைய காரை அது பிறந்த நாளின் பூஸ்டுக்கும் கலவைக்கும் திருப்பிக் கொண்டுவருவதே பாதி ஆட்களுக்கு ஒரு வருஷ வேலை, அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது.

கடைசியாக ஒன்று, பட்டாசு லோடு ஏற்றுகிறவர்களுக்கு. அமெரிக்க வனத்துறை விதிகளில் டர்போவுக்கே தீப்பொறி தடுப்பான் அந்தஸ்து உண்டு, தெரியுமா? புகைக்குழாயிலிருந்து பறக்கும் கரித்துகள் ஒவ்வொன்றும் அசுர வேகத்தில் சுற்றும் டர்பைன் இறக்கைகளில் மோதி நொறுங்கிவிடும் என்பது கணக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: மொத்தப் புகையும் டர்பைன் வழியாகத்தான் போக வேண்டும். வேஸ்ட்கேட் வைத்த டர்போ என்றால் பூஸ்டை அடக்குவதற்காகக் கொஞ்சம் புகை குறுக்கு வழியில் நழுவிவிடும். அந்தச் சலுகை அங்கேயே கிடையாது. இங்கே பட்டாசு ஆலை வாசலில் டர்போவைக் காட்டி எந்த வாதமும் எடுபடாது, சைலன்சரில் ஸ்பார்க் அரெஸ்டரை மாட்டிக்கொண்டு போய் நில்லுங்கள்.